அலாஸ்கா கப்பல் பயணம்: 200-500 லென்ஸைச் சுமந்துகொண்டு போக வேண்டுமா?

தாமிரபரணியான் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜூன் இரண்டாவது வாரத்தில், சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணத்துக்குக் குடும்பத்துடன் முன்பதிவு செய்திருக்கிறேன். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய மூன்று துறைமுகங்களில் இறங்குகிறோம். ஒரு நாள் முழுவதும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் கப்பல் மெதுவாகச் சுற்றி வரும். திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப்பொழுது. ஜூனோவில் திமிங்கலம் பார்க்கும் படகுக்கும், ஸ்காக்வேயில் மலை ரயிலுக்கும் தனியாகச் சீட்டு வாங்கியாகிவிட்டது. மனைவி, பத்து வயது மகள், எழுபதை நெருங்கும் அம்மா ஆகியோர் உடன் வருகிறார்கள்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமரா. அதனுடன் 18-140 லென்ஸ், 70-300 ஏஎஃப்-பி லென்ஸ், 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஆகியவையும் (லென்ஸ் எண்கள் மி.மீ. கணக்கில் குவியத் தூரம்; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்), ஊரில் வாங்கிய கனமான அலுமினிய ட்ரைபாட் ஒன்றும் இருக்கின்றன. அலுவலக நண்பர் ஒருவர் தம்முடைய நிக்கான் 200-500 லென்ஸை இரவல் தருவதாகச் சொல்கிறார். திமிங்கலமும் கழுகும் பார்க்கப் போகிறவன் 300 மி.மீ. லென்ஸுடன் போனால் அங்கே போய் வருந்துவாய் என்பது அவருடைய வாதம். டாலஸில் இருந்து விமானத்தில் போக வேண்டும். கைப்பையில் அம்மாவின் மருந்துகளுக்கும் மகளின் பொருள்களுக்கும் இடம் ஒதுக்கியது போக மீதம்தான் கேமராவுக்கு. ஆகவே பெரிய லென்ஸை எடுத்துக்கொண்டால் வேறு எதையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

இந்த வழியில் போய்வந்தவர்கள், உண்மையில் எந்த லென்ஸ் கேமராவில் அதிக நேரம் இருந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும். ட்ரைபாட் தேவைப்படுமா, ட்ரோன் கொண்டுபோனால் பறக்கவிட முடியுமா என்பவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். புதிய கேமரா வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

கடலோடி எழுதியது:

தாமிரபரணியான் அவர்களுக்கு வணக்கம். எளிதான இரண்டை முதலில் முடித்துவிடுகிறேன். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தடை இருக்கிறது. கிளேசியர் பேயும் அதில் அடக்கம். பெரும்பாலான கப்பல் நிறுவனங்களும் ட்ரோனைக் கப்பலில் பயன்படுத்த விடுவதில்லை. ட்ரைபாடும் வேண்டாம். கப்பலின் எஞ்சின் அதிர்வு தளத்தின் வழியாக ட்ரைபாடின் கால்களில் ஏறி நேரே கேமராவுக்குப் போகும். அதைக் காட்டிலும் நம் முழங்காலும் தோளும் அந்த அதிர்வை நன்றாக வாங்கிக்கொள்கின்றன. மேலும் ஜூன் மாதத்தில் ஜூனோவில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும், விடியற்காலை நான்கு மணிக்குள் உதித்துவிடும். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுக்கும் அளவுக்கு இருட்டே அங்கே கிடைப்பதில்லை.

இனி லென்ஸ். "திமிங்கலமா? அப்படியென்றால் 500 மி.மீ. வேண்டும்" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது. உங்கள் கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் 23.5 மி.மீ. அகலம் உடையது. அந்த அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, பொருள் இருக்கும் தூரத்தால் பெருக்கினால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது தெரிந்துவிடும். அலாஸ்கா கடலில் கூனல் திமிங்கலத்தை 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், படகுகள் நெருங்கக்கூடாது என்பது சட்டம். அந்தத் தூரத்தில் 300 மி.மீ. லென்ஸில் அடங்குவது ஏறத்தாழ 7 மீட்டர் அகலம் மட்டுமே. வளர்ந்த கூனல் திமிங்கலம் 13, 14 மீட்டர் நீளம் இருக்கும். அது முழு உடலோடு நீருக்கு மேலே துள்ளினால் உங்கள் 70-300 லென்ஸில் 150 மி.மீ. அளவுக்கு வந்தால்தான் படத்துக்குள் கொள்ளும். வால் துடுப்பு மட்டும் என்றால் நான்கு, ஐந்து மீட்டர் அகலம். அதற்கு 300 மி.மீ. மிகச் சரியாகப் பொருந்தும். 500 மி.மீ. லென்ஸில் அதே இடத்தில் நாலேகால் மீட்டர்தான் அடங்கும் என்பதால் வால் முனையை வெட்டிக்கொண்டு வருவீர்கள்.

திமிங்கலம் எப்போதும் அந்தத் தூரத்திலேயே வரும் என்று சொல்லவில்லை. இருநூறு, முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் தோன்றும். ஆனால் அவ்வளவு தொலைவில், சிறிய படகின் ஆட்டத்தில், 500 மி.மீ. லென்ஸின் குறுகிய பார்வைக்குள் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மூழ்கிவிடும். அகலமாக எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்வதற்கு உங்கள் 24 மெகாபிக்சல் போதுமானது.

பனிப்பாறைக்கு வருவோம். கிளேசியர் பேயில் பெரிய கப்பல்கள் நின்று காட்டுவது பெரும்பாலும் மார்ஜரி பனியாறு. கடலைத் தொடும் அதன் முகம் ஏறக்குறைய 1.6 கி.மீ. அகலமும், நீருக்கு மேல் 75 மீட்டர் அளவு உயரமும் கொண்டது. கப்பல் 400 மீட்டர் தொலைவில் நிற்பதாக வைத்துக்கொண்டால், 18 மி.மீ.யில் கூட 520 மீட்டர் அகலம்தான் அடங்கும். முழு முகத்தையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. அதற்குக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஏழெட்டுப் படங்கள் எடுத்து இணைப்பதே வழி. கைபேசியின் பனோரமாவும் இதற்குப் போதும். மாறாக, பனிச்சுவரின் உச்சி முதல் நீர்மட்டம் வரை ஒரு துண்டைச் செங்குத்துப் படமாக எடுக்க வேண்டுமானால் 120 மி.மீ. அளவு போதும். விரிசல்களுக்குள் தெரியும் அந்த ஆழ்ந்த நீலத்தைப் பிடிப்பதற்கு 200 முதல் 300. ஆக, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு லென்ஸ்களுக்கு உள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

எடையையும் பார்த்துவிடுங்கள். டி5600 கேமரா 465 கிராம், 18-140 லென்ஸ் 490 கிராம், 70-300 லென்ஸ் 415 கிராம். மூன்றையும் சேர்த்தால் 1,370 கிராம். நண்பரின் 200-500 லென்ஸ் தனியாகவே 2,300 கிராம். அதை மூன்று மணி நேரம் படகில் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு முன்னால், வீட்டு மொட்டைமாடியில் அரை மணி நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் இரண்டு வகையாக விற்பனைக்கு வந்தது. ஒன்றில் அதிர்வு குறைக்கும் வசதி உண்டு, மற்றொன்றில் இல்லை. லென்ஸின் மேல் "விஆர்" என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வசதியைப் போடவும் நிறுத்தவும் லென்ஸில் பொத்தான் கிடையாது, கேமராவின் மெனுவுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

நெடுந்தூரப்பார்வை எழுதியது:

கடலோடி அவர்களின் கணக்கு சரியானதுதான். ஆனால் அது திமிங்கலத்துக்கும் பனிச்சுவருக்கும் மட்டும் போட்ட கணக்கு. கிளேசியர் பேக்குள் நுழைந்ததும் கப்பல் கடந்து போகும் இடங்களில் தெற்கு மார்பிள் தீவும் ஒன்று. கடற்சிங்கங்கள் பாறையில் குவிந்து கிடக்கும், கொண்டை வைத்த பஃபின் பறவைகள் அங்கே கூடு கட்டும். அதற்கு வடக்கே குளூமி நாப் என்ற செங்குத்துப் பாறையில் மலையாடுகள் மேயும். பஃபின் ஒரு புறாவைவிடச் சற்றுப் பெரிய பறவை, 300 மி.மீ. லென்ஸில் அது கருப்புப் புள்ளியாகத்தான் வரும். பறவைகளையே தேடிப் போகிற என்னைப் போன்றவர்கள் 500 இல்லாமல் அந்தப் பக்கம் போவதற்கே யோசிப்போம்.

எனவே கேட்பவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பதைப் பொறுத்தது இது. இரவல் கிடைக்கும்போது எதற்காக விட்டுவிட வேண்டும்? கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாமல் லென்ஸின் காலர் வளையத்தில் மாட்டித் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டால் எடை அவ்வளவாகத் தெரியாது. கப்பலின் கைப்பிடிக் கம்பிமேல் ஒரு சிறிய துணிப் பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம்.

கடலோடி எழுதியது:

பறவை ஆர்வலர்களுக்கு அது பொருந்தும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் மலையாட்டுக்கு ஒரு கணக்கு. கப்பலில் இருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆடு ஒன்றரை மீட்டர் நீளம் என்று கொண்டால், 300 மி.மீ.யில் எடுத்த படத்தின் 6,000 பிக்சல் அகலத்தில் அது சுமார் 115 பிக்சல் இருக்கும், 500 மி.மீ.யில் சுமார் 190 பிக்சல் இருக்கும். இரண்டுமே சுவரில் மாட்டக்கூடிய படம் அல்ல. இரண்டு கிலோ கூடுதலாகச் சுமந்து, சிறிய வெள்ளைப் புள்ளியைச் சற்றே பெரிய வெள்ளைப் புள்ளியாக ஆக்கிக்கொள்கிறோம். பஃபினுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், ஏனெனில் பெரிய கப்பல்கள் அந்தத் தீவை ஒட்டிப் போவதில்லை.

இத்தகைய தொலைதூரக் காட்சிகளுக்கு 8x42 பைனாகுலர் ஒன்றை எடுத்துப் போவது எவ்வளவோ மேல். 10x வாங்க வேண்டாம். அசையும் தளத்தில் உருப்பெருக்கம் கூடக் கூட நடுக்கமும் கூடும். அம்மாவும் மகளும் மாறி மாறிப் பார்க்கலாம். கேமராவை அவர்கள் கையில் கொடுத்து "அதோ அந்தப் பாறைக்கு மேலே" என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருப்பதற்குள் கப்பல் நகர்ந்துவிடும்.

கழுகுக்கு 500 தேவையே இல்லை. கெச்சிகனிலும் ஜூனோவிலும் வெண்தலைக் கழுகுகள் துறைமுகத்து விளக்குக் கம்பங்களிலும், படகுகளின் பாய்மரக் கம்பங்களிலும், மீன் பதப்படுத்தும் கொட்டகைகளுக்கு மேலேயும் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும். முப்பது மீட்டர் தூரத்தில் இரண்டு மீட்டர் சிறகு விரித்துப் பறந்தால் 300 மி.மீ. லென்ஸில் படச்சட்டம் நிறைந்துவிடும்.

மலர்விழி எழுதியது:

வணக்கம். லென்ஸைப் பற்றி அண்ணன்மார் இருவரும் விரிவாகப் பேசிவிட்டார்கள். கடலோடி அண்ணாவின் பக்கம்தான் என் வாக்கும். ஆனால் மழையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அந்தப் பகுதியில் கேமராவுக்கு முதல் எதிரி அதுதான். கெச்சிகனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையில் பெய்வது சுமார் 1,400 மி.மீ. அதுவும் நம் ஊர் வடகிழக்குப் பருவமழையைப் போலக் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வதில்லை. நாள் முழுவதும் பூந்தூறலாக விழுந்துகொண்டே இருக்கும். குடை பிடித்தால் காற்று பறிக்கும், பிடிக்காவிட்டால் லென்ஸ் நனையும்.

உங்கள் டி5600 கேமராவும் அந்த இரண்டு லென்ஸ்களும் மழைக்காப்பு உடையவை அல்ல. கேமராவின்மேல் போர்த்தும் பிளாஸ்டிக் உறை ஒன்று கட்டாயம் வேண்டும், மலிவாகவே கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் விடுதி அறைகளில் கொடுக்கும் குளியல் தொப்பியே போதும். லென்ஸின் முன் கண்ணாடியில் விழும் துளியைத் துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதாது. ஒன்று நனைந்தால் மற்றொன்று என்று நான்கைந்தைத் தனித்தனிச் சட்டைப் பைகளில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலுக்காக அல்ல, தூறலுக்காக.

நீராவி படிவதைப் பற்றி ஒரு சிறிய விளக்கம். சென்னையில் ஏசி காரில் இருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது நேர் எதிராக நடக்கும். கதகதப்பான அறையில் இருந்து குளிர்ந்த தளத்துக்குப் போகும்போது ஒன்றும் ஆவதில்லை. இரண்டு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு உள்ளே உணவுக்கூடத்துக்கு வரும்போதுதான் குளிர்ந்த கண்ணாடியில் உள்ளறையின் ஈரம் ஒட்டிக்கொள்ளும். அதனால் உள்ளே நுழைவதற்கு முன்பே, வெளியில் நிற்கும்போதே, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட்டு வாருங்கள். பையின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, பிறகு அதுவாகவே காய்ந்துவிடும். அதன் பிறகு திறக்கலாம். மெமரி கார்டை உடனே எடுக்க வேண்டுமானால் பையில் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

தளத்தில் நின்று லென்ஸ் மாற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். உப்பு கலந்த காற்று உள்ளே போனால் சென்சாரில் ஒட்டும் திட்டு சாதாரணத் தூசியைப் போல ஊதினால் போகாது. அன்றைய இடத்துக்கு எது என்று அறையிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு போவது நல்லது. ஜூனோ படகுக்கு 70-300. ஸ்காக்வே ரயிலுக்கு 18-140. அகலமான காட்சிக்குக் கைபேசி இருக்கவே இருக்கிறது.

அந்த ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. தங்க வேட்டைக் காலத்தில், 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த குறுகிய பாதை அது. ஸ்காக்வேயின் கடல்மட்டத்தில் தொடங்கி 873 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய் வரை ஏறும். ஏறும்போது பள்ளத்தாக்கு பெரும்பாலும் இடப்பக்கம் தெரியும். பெட்டிகளின் முனையில் திறந்த மேடை உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எடுப்பதைவிட அங்கே நின்று எடுப்பதே தெளிவாக வரும். ரயில் வளைவில் திரும்பும்போது எஞ்சினும் முன்பெட்டிகளும் மலைச்சரிவோடு சேர்ந்து தெரியும் காட்சிக்காக எல்லோரும் அங்கேதான் முண்டியடிப்பார்கள் என்பதால், முதல் சில கிலோமீட்டர்களிலேயே போய் நின்றுகொள்ளுங்கள். அம்மா உள்ளே உட்கார்ந்தபடியே நன்றாகப் பார்க்கலாம். மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு வேண்டாம்.

தாமிரபரணியான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லென்ஸைப் பார்த்தேன், "விஆர்" எழுத்துகள் இருக்கின்றன. 200-500 வேண்டாம் என்று முடிவு செய்து நண்பரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிறிது வருத்தம்தான். அந்த எடைக்குப் பதிலாக பைனாகுலர் வாங்குகிறேன்.

இன்னும் சில ஐயங்கள். போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா? பனிப்பாறை இடிந்து விழுவதை எடுப்பதற்கு வீடியோ நல்லதா, தொடர் படங்கள் நல்லதா? எங்கள் அறை கப்பலின் இடப்பக்கம் பால்கனியுடன் இருக்கிறது. அங்கிருந்தே எடுத்தால் போதுமா, மேல்தளத்துக்குப் போக வேண்டுமா? 35 மி.மீ. லென்ஸையும் விட்டுவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கடலோடி எழுதியது:

போலரைசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறை இல்லை. நீரின் மேல் அடிக்கும் பளபளப்பையும் ஈரப் பாறைகளின் மினுக்கத்தையும் அது குறைக்கும். கெச்சிகனின் ஈரக் காட்டில் இலைகளின் பச்சையைத் தூக்கிக் காட்டும். ஆனால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) விழுங்கிவிடும். மேகம் மூடிய நாளில் திமிங்கலப் படகில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் 18-140 லென்ஸின் முன்வட்டம் 67 மி.மீ., 70-300 லென்ஸுக்கு 58 மி.மீ. ஆகவே 67 மி.மீ. ஃபில்டர் ஒன்றும், 58-இல் இருந்து 67-க்கு மாற்றும் வளையம் ஒன்றும் வாங்கினால் இரண்டுக்கும் பயன்படும். வளையம் மாட்டினால் 70-300 லென்ஸில் ஹூட் ஏறாது என்பது இதில் உள்ள சங்கடம். மழைநாளில் ஹூட்டுக்கே முதலிடம் கொடுங்கள்.

திமிங்கலத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். மேகமூட்டத்தில் லென்ஸ் துளையை எஃப் 6.3 அளவில் வைத்தால், ஒளியுணர்வு எண்ணான ஐ.எஸ்.ஓ. 800-இல் இருந்து 2,000 வரை போகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மங்கலாக அசைந்த படத்தைவிடச் சிறிது மணல்போட்ட படம் மேல். திமிங்கலம் பல முறை மூச்சு விட்டுக்கொண்டே மேலாக நீந்தும். பிறகு ஒரு முறை முதுகை வழக்கத்தைவிட உயரமாக வளைத்துக் காட்டும். அடுத்த ஓரிரு நொடிகளில் வால் எழும்பும் என்பதற்கு அதுவே அடையாளம். அந்த வளைவைக் கண்டதும் பொத்தானை அழுத்தத் தொடங்குங்கள். வால் நம் பக்கமாக அல்லாமல் எதிர்ப்பக்கமாகச் சாயும்போது அதன் அடிப்பக்கத்தின் கறுப்பு வெள்ளைக் கோலம் தெரியும். கைரேகையைப் போல அது திமிங்கலத்துக்குத் திமிங்கலம் வேறுபடும். ஹாப்பிவேல் என்ற தளத்தில் அந்தப் படத்தை ஏற்றினால் அது எந்தத் திமிங்கலம், இதற்கு முன் எங்கே காணப்பட்டது என்று தேடிச் சொல்வார்கள். கோடையில் அங்கே மேய வரும் திமிங்கலங்களில் பல, குளிர்காலத்தில் ஹவாய்க் கடலுக்குக் குட்டி போடப் போகிறவை. உங்கள் மகளுக்கு இது மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பனி இடிவதைப் பொறுத்தவரை, சத்தம் கேட்டுத் திரும்பினால் எப்போதும் தாமதம்தான். 400 மீட்டர் தூரத்தில் இருந்து ஒலி நம் காதுக்கு வர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் பெரும்பகுதி விழுந்து முடிந்திருக்கும். ஆனால் ஒரு துண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே அடுத்ததும் விழ வாய்ப்பு உண்டு. சிறு கட்டிகள் உதிரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்துக் காத்திருப்பதே உத்தி. கைபேசியைக் கம்பிமேல் ஊன்றி வீடியோ ஓடவிட்டுவிட்டுக் கேமராவில் தொடர் படம் எடுப்பது என் வழக்கம். டி5600 நொடிக்கு ஐந்து படம் எடுக்கும், ஆனால் ரா எனப்படும் பதப்படுத்தாத மூலக் கோப்புகளில் எடுத்தால் அதன் தற்காலிக நினைவகம் விரைவில் நிரம்பி வேகம் குறைந்துவிடும். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் அளவில் சிறிய ஜேபெக் கோப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஜேபெக்கில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, கவனிக்க வேண்டும். படச்சட்டம் முழுவதும் வெண்மை இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டி வைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். மேகம் மூடியிருக்கும்போதுதான் பனியின் நீலம் ஆழமாகத் தெரியும். உச்சி வெயிலில் அது வெளிறிப் போகும்.

பால்கனி குறித்து: பனியாற்றின் முன்னால் கப்பல் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழன்று இரு பக்கத்தாருக்கும் காட்டும். ஆகவே இடப்பக்கம் என்பதால் இழப்பு இல்லை. அம்மாவுக்குக் குளிர் தாங்காது என்றால் அறைப் பால்கனியே சிறந்த இடம். நீங்கள் மட்டும் கப்பல் விரிகுடாவுக்குள் நுழையும்போது மேல்தளத்துக்குப் போய் முன்புறம் நில்லுங்கள். காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே வருவார்கள்; எந்தப் பக்கம் கரடி தெரிகிறது, எந்தப் பாறையில் ஆடு நிற்கிறது என்பதெல்லாம் அவர்கள் வாயிலாகத்தான் முதலில் தெரியவரும். 1794-இல் கடலாய்வாளர் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது விரிகுடாவின் வாய்வரை பனி அடைத்திருந்தது என்பதையும், இன்று நாம் நூறு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் அந்தப் பனியின் முகத்தைக் காண முடிகிறது என்பதையும் அவர்கள் வரைபடத்தோடு விளக்குவார்கள். மேல்தளத்தில் காற்றைத் தடுக்கக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதன் வழியாக எடுக்காமல், இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

35 மி.மீ. லென்ஸை எடுத்துச் செல்லுங்கள். 200 கிராம்தான். கப்பலின் உள்ளே, இரவு உணவு மேசையில் குடும்பப் படம் எடுப்பதற்கு ஃபிளாஷை நம்புவதைவிட அது எவ்வளவோ நல்லது.

நெடுந்தூரப்பார்வை எழுதியது:

200-500 தோற்றுவிட்டது, பரவாயில்லை. கடலோடி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன்: ஜூனில் போவதால், கிளேசியர் பேயின் ஒரு கிளையான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்முகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பனிக்கட்டிகளின்மேல் சீல் என்னும் கடல்நாய்கள் குட்டி போடும் காலம் என்பதால் ஆகஸ்டு முடியும் வரை பெரிய கப்பல்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இணையத்தில் காணும் சில அழகான படங்கள் அங்கே செப்டம்பரில் எடுத்தவை.

மலர்விழி எழுதியது:

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. டி5600 கேமராவுக்கு மொத்தம் இரண்டு பேட்டரிகள் போதும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உதிரியைக் கோட்டின் உள்பையில், உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள். பல கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளை, அதிலும் மின்னெழுச்சித் தடுப்பு உள்ளவற்றை, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறையில் இருக்கும் இரண்டு, மூன்று பிளக்குகளில் நால்வரின் கைபேசிகளும் கேமராவும் ஏற வேண்டும் என்பதால், நான்கு யூஎஸ்பி துளைகள் கொண்ட சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலின் இணையத்தை நம்பிப் படங்களை மேகக் கணினிக்கு ஏற்றலாம் என்று திட்டமிடாதீர்கள். மெதுவாகவும் இருக்கும், விலையும் அதிகம். பெரிய கார்டு ஒன்றுக்குப் பதிலாக 64 ஜிபி கார்டுகள் இரண்டு, மூன்று வாங்கி, நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். விரல்நுனி மட்டும் திறக்கும் கையுறையும் வேண்டும்.

தாமிரபரணியான் எழுதியது:

அனைத்தையும் குறித்துக்கொண்டேன். கேமரா, இரண்டு ஜூம் லென்ஸ்கள், 35 மி.மீ., இரண்டு பேட்டரிகள், மழை உறை, பைனாகுலர் என்று எல்லாவற்றையும் நேற்று ஒரு சிறிய தோள்பையில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் மருந்து டப்பாவும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. போலரைசரை இப்போது வாங்கவில்லை. விக்டோரியாவில் மாலையில் இறங்கும் சில மணி நேரத்தில் எதை எடுக்கலாம் என்பதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.